நட்டை முழுதாகக் கழற்றாதே

மார்ச் கடைசி. போனவிஸ்டாவில்
இன்னும் சாலைக்கு உப்புப் போடுகிறார்கள்.
கடல் பாதி நகராட்சி பாதியாகத் தின்ற
தொண்ணூற்றாறு மாடல் ஃபோர்ட் வேனுக்கடியில்
மாவு வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து
மல்லாந்து கிடக்கிறேன்.

ஸ்டியரிங்கில் ஆட்டம்.
இடது என்றால் வேன்
ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் இடது போகிறது.
பின்னால் நாற்பது தட்டு ரொட்டி,
முன்னால் எலிஸ்டன் வளைவு.
அந்த ஒரு கணம் எனக்குப் பெரிது.

குற்றவாளி டை ராடு முனை.
ஒரு பந்து, ஒரு கிண்ணம், கூம்பாக ஒரு வால்.
அந்த வால் இரும்புக் கண்ணுக்குள் ஏறி
இறுகி
யார் பேச்சையும் கேட்பதில்லை.

முதலில் காட்டர் பின்.
வெளியே தெரிந்த இரண்டு கால்களும்
குறடு பட்டதும் உதிர்ந்தன, ரஸ்க் மாதிரி.
உள்ளே நின்றதைத் துளைபோட்டு எடுக்க
ஒரு மணி நேரம், இரண்டு டிரில் முனை,
ஞாயிற்றுக்கிழமை சொல்லக்கூடாத ஏழு வார்த்தை.

ஏழாவதைக் கேட்டு லியாண்டர் வந்தான்.
என் கணவனுக்கு அண்ணன்;
கணவன் முன்னாள் ஆன பிறகு
வெறும் பக்கத்து வீடு.
டொமினிக் ஆல்பர்ட்டா போய் ஆறு வருடம்.
வேனின் பதிவுச் சீட்டில் இன்னும் அவன் பெயர்.
மாற்றித் தரச் சொல்லி நான் கேட்கவில்லை,
மாற்றிக்கொள் என்று அவனும் சொல்லவில்லை.

"நட்டை முழுதாகக் கழற்றாதே."
நலமா இல்லை, வானிலை இல்லை,
இதுதான் லியாண்டரின் முதல் பேச்சு.
"இரண்டு மரை மிச்சம் வை.
விடுபட்டால் அது விழுகிற இடம்
உன் முகம்."

இரண்டு சுத்தியல் கொண்டுவந்திருந்தான்.
கண்ணின் இருபுறமும்
ஒரே நொடியில் அடிபட வேண்டுமாம்.
என் அடி முந்தியது.
அவன் அடி முந்தியது.
ஒரேயொரு முறை இரண்டும் சேர்ந்து விழ
கிணீரென்று கேட்டு
துறைமுகத்துக் கடற்காகங்கள் மொத்தமாய் எழுந்தன.
வால் அசையவில்லை.

எண்ணெய் பீய்ச்சினோம்.
தீ காட்டினோம்; ரப்பர் உறை உருகி நாறியது.
"புதுசுதானே வரப்போகிறது" என்றான்.
புல்லரை மாட்டி
அவன் தன் எடை முழுவதையும் ஸ்பானரில் தொங்கவிட்டான்.
தொண்ணூறு கிலோ, பூட்ஸோடு.
ஒன்றுமில்லை.

"விடு. முறுக்கு அப்படியே இருக்கட்டும்."
சுத்தியலை எடுத்துக்கொண்டு போனான்.
ஒன்றை மட்டும்.

இரவு இரண்டு நாற்பது.
பிசைந்த மாவைத் துணியால் மூடிக்கொண்டிருந்தேன்.
முற்றத்தில் துப்பாக்கி வெடித்தாற்போல் ஒரு சத்தம்.

யாரும் தொடவில்லை. யாரும் அடிக்கவில்லை.
குளிர் இறங்கியதோ,
பிடித்துப் பிடித்து அலுத்ததோ.
பக்கத்து வீட்டு மாடியில் விளக்கு எரிந்தது.
கொஞ்ச நேரம் எரிந்தது.
அணைந்தது.

டார்ச்சோடு போய்க் குனிந்தேன்.
கண்ணிலிருந்து விடுபட்ட வால்
அந்த இரண்டு மரையைப் பற்றிக்கொண்டு
தொங்கிக்கொண்டிருந்தது.

மிச்சக் கதை சுருக்கம்.
இந்தப் பக்கத்து மரை எதிர்த்திசை என்று
யாராவது சொல்லியிருக்கலாம்.
கழற்றுவதாக நினைத்து
அரைமணி நேரம் இறுக்கினேன்.
பிறகு ஒவ்வொரு சுற்றையும் எண்ணி
டயரில் சாக்பீஸால் எழுதினேன்: இருபத்திரண்டரை.
புதியதும் சரியாக இருபத்திரண்டரை ஏறியது.

அப்படியும் நேர்ச்சாலையில்
ஸ்டியரிங் சற்றே வலப்பக்கம் தலைசாய்த்து நிற்கிறது.
அலைன்மென்ட் பார்க்க கிளாரன்வில் போக வேண்டும்,
நூறு கிலோமீட்டருக்கு மேல். அடுத்த மாதம் பார்க்கலாம்.
இடது என்றால் இடது.
ரொட்டிக்கு அது போதும்.

லியாண்டரின் சுத்தியல்
இன்னும் சீட்டுக்கடியில்தான்.
எலிஸ்டன் வளைவில் மட்டும் உருண்டுவந்து
கதவை ஒருமுறை தட்டும்.